ஆய்வுக்குக் கேட்ட தாய்ப்பால்

குறைமாதத்தில் பிறந்த என் மகன், கிருமித் தொற்றோடு இன்குபேட்டருக்குள் கிடந்த நாட்களில்தான் அந்த ஆய்வாளரைச் சந்தித்தேன். அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருந்த மனைவியின் பாலை, எங்கள் ஊரான புக்கிட் செலம்பாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில், ஐஸ் பெட்டியில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோவேன். ஆய்வுக்காகத் தாய்மார்களிடம் ஒரு கரண்டி பால் கேட்டு வாங்குவது அந்தப் பெண்ணின் வேலை. மெலிந்த உருவம், தூக்கம் காணாத கண்கள். பதில் தெரியாவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

“கொதிக்க வச்சுக் கொண்டு வரவா தங்கச்சி? கிருமி இருக்குமில்ல?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஐயோ அண்ணே, இது என்ன மாட்டுப் பாலா? கொதிக்க வச்சா உள்ள இருக்கிற, நோயை எதிர்க்கிற ஆண்டிபாடி கெட்டுப் போயிரும்லா. அது கிருமியைப் பிடிக்கிறது மட்டுமில்ல. சிலது என்சைம் மாதிரி புரதத்தை வெட்டவும் செய்யுது. அதைத்தான் நான் பார்க்கிறேன்.”

“அப்போ என் மகனைப் பிடிச்ச கிருமியையும் வெட்டிருமா?”

கண்ணாடியைக் கழற்றினார். “தெரியலண்ணே. லேப்ல வெட்டுது. குழந்தை வயித்துல என்ன செய்யுதுன்னு இன்னும் சரியா தெரியாது.”

மற்றவர்கள் எல்லாரும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மனைவிக்குப் பால் மிகவும் குறைந்துவிட்டது. போத்தலின் அடிதான் நனைந்திருந்தது. இருந்தாலும் அவரிடம் நீட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இன்னிக்கு எனக்கு வேணாம்லா. தம்பியே குடிக்கட்டும்.”

மகன் இப்போது வீட்டில் தூங்குகிறான். மூச்சு வருகிறதா என்று இன்னமும் கைவைத்துப் பார்க்கிறேன். அந்தப் பால் மகனைக் காப்பாற்றும் என்று அவர் நம்பினாரா, இல்லை, பசித்த பிள்ளை என்று மட்டும் நினைத்தாரா? கேட்டிருக்கலாம். அன்று எனக்கு அதற்குத் தெம்பில்லை.