மாமி நிறுத்திய சத்தம்

சிவப்பு எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்த அந்தத் திரைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எங்கள் அலுவலக சர்வர்களில் நேரும் பிழைகளையெல்லாம் வரி வரியாகப் பதிந்து காட்டும் லாக் அது. பிழை, பிழை, மறுபடியும் பிழை. ஒன்றைப் படிப்பதற்குள் அடுத்தது வந்து மேலே தள்ளிவிடும். இந்த ஓயாத ஓட்டத்தைத்தான் நாங்கள் சத்தம் என்போம். எதிரே மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு மாமி உட்கார்ந்திருப்பார். வலியசாலை அக்கிரகாரத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், சர்வர்களை ஓட்டும் லினக்ஸின் அடிவயிறு வரை போய்வரத் தெரிந்தவர். ஆனால் திருவனந்தபுரத்து அலுவலகத்தில் அக்கிரகாரத் தமிழ் பேசுகிற பெண் என்றால் மாமிதான். இஞ்சினியர் என்று ஒருவர் வாயிலும் வந்ததில்லை.

மாமி ஒப்பந்த ஊழியர். வருஷா வருஷம் இழுத்தடித்துத்தான் புதுப்பிப்பார்கள். இந்தச் சத்தத்தை நிறுத்திக் கொடுத்தால் நிரந்தர வேலைக்குத் தானே பேசுவதாக மேலாளர் எல்லார் முன்னாலும் சொன்னார். அதை நம்பி, வேறோர் இடத்திலிருந்து வந்த நல்ல வேலையை மாமி வேண்டாம் என்றார். நம்பிக்கைக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, காப்பாற்றுகிறவர்களுக்குத்தான் பஞ்சம்.

மேலாளர் காட்டிய வழி சுலபமானது. கத்துவது, தகவல்களைச் சேமிக்கும் டிஸ்க்குகளை இயக்கும் டிரைவர் என்ற நிரல். அது எழுதுவது எதுவுமே திரைக்கு வராமல் வடிகட்டிவிட வேண்டியது, அரை மணி நேர வேலை. மாமி மசியவில்லை. நாளைக்கு ஒரு டிஸ்க் நிஜமாகவே கெட்டுப்போனாலும் அதே டிரைவர்தானே சொல்ல வேண்டும் என்றார். என்னிடம் தனியாக, "கொழந்தை அழறதுன்னு நம்ம காதைப் பொத்திண்டா ஆச்சாடி? என்னத்துக்கு அழறதுன்னு பாக்க வேண்டாமா?" என்றார்.

பார்த்தார். மாதக்கணக்கில் பார்த்தார். மற்றவர்கள் டீ குடிக்கப் போகும்போதுகூட எழுந்திருக்காமல், யாரோ எழுதிய டிரைவரின் நிரலை வரி வரியாகப் படித்தார். வேலையில்லாமல் ஓய்ந்து கிடக்கும் டிஸ்க்கை எழுப்பினால், 'கொஞ்சம் பொறு' என்று பதில் வரும். அது தப்பே இல்லை. அந்தப் பதிலைத்தான் டிரைவர் ஒவ்வொரு தடவையும் பிழை என்று எழுதித் தொலைத்தது. மாமி அந்த ஓரிடத்தில் மட்டும் 'எரர்' என்பதை 'இன்ஃபோ', அதாவது வெறும் தகவல், என்று மாற்றினார். தகவல் வரிகள் இந்தத் திரைக்கு வராது. திரை ஓய்ந்தது. அந்த அமைதியில் ஒற்றைச் சிவப்பு வரி நின்றது. நிஜமாகவே ஒரு டிஸ்க் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. அதைச் சரியான நேரத்தில் மாற்றினோம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேலாளருக்கோ ஒரே ஒரு சந்தேகம்: ஒரு வார்த்தை மாற்றவா இத்தனை மாதம்? அடுத்த மாதம் மாமியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே, இனி அவருக்கு இங்கே என்ன வேலை என்று காரணம் சொன்னார்கள். நிரந்தர வேலைப் பேச்சை மாமியே எடுத்துக் கேட்டபோது மேலாளர் சிரித்தபடி, "சாரமில்ல மாமி, வேறெ ஜோலி கிட்டும்" என்றார். பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். தமிழ்க் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. மாமி வேண்டாம் என்று விட்ட அந்த வேலையில் அதற்குள் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாமி அழவில்லை, சண்டை போடவும் இல்லை. மேசையைத் துடைத்துவிட்டு, "சத்தம் நின்னுடுத்து. என்னையும் நிறுத்திட்டா" என்றார். அவ்வளவுதான்.

திரை இப்போதும் அமைதியாகவே இருக்கிறது. வெளியாட்கள் வந்தால் மேலாளர் அதன் முன் நிறுத்தி, எங்கள் டீம் எப்படிப் பார்த்துக்கொள்கிறது பாருங்கள் என்கிறார். போன வாரம் வந்தவர்கள், இதைச் சரிசெய்தது யார் என்று கேட்டார்கள். எல்லோரும் சேர்ந்துதான் என்றார் மேலாளர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மார்ச் மாதம் என் ஒப்பந்தமும் முடிகிறது.