காதில் பஞ்சு வைத்த புரவலர்

விருதுநகரில் நாங்கள் நடத்திய ஜீவகாருண்ய சங்கத்தின் கொட்டகையில் இடம் போதவில்லை. ஆகவே, அடிபட்ட நாய்களைக் குணமாகும்வரை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களைத் தேடினோம். முதலில் வந்தவர் திருத்தங்கலில் பட்டாசுக் கம்பெனி நடத்திய ஒரு முதலாளி. சலவை வேட்டி, மடிப்புக் கலையாத துண்டு, இரு காது மடலிலும் எப்போதும் அத்தர் தோய்த்த பஞ்சு. காலில் அடிபட்ட கறுப்பு நாயொன்றை அவர் மார்போடு அணைத்துச் சென்றபோது, பட்டதாரியான நான் அவரைப் பெருந்தன்மையாளர் என்று சங்கக் குறிப்பேட்டில் எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பார்க்கச் சென்றேன். கொல்லையில் அவர் மடலிலிருந்த பஞ்சைக் காதுகளுக்குள் திணித்துக்கொண்டு, புது வெடியொன்றைப் பற்றவைத்தார். தம் செவியைக் காத்துக்கொள்ளும் அறிவு மட்டும் அவரிடம் குறைவின்றி இருந்தது. நாய் அலறியபடி மாட்டுவண்டிக்கு அடியில் புகுந்து நடுங்கியது.

“பாத்தீகளா தம்பி! போன வாரத்து வெடிக்கு இது வாலக்கூட அசைக்கல. இன்னைக்குத்தான் சரக்கு தேறியிருக்கு. இனி தைரியமா ஆர்டர் எடுக்கலாம்” என்றார்.

உயிர்வதை குறித்து நான் நெடுநேரம் பேசினேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மரியாதையோடு தலையசைத்தார். நான் முடித்ததும் பஞ்சை எடுத்துவிட்டு, “என்ன சொன்னீக?” என்றார்.

கொட்டகையில் இடமில்லை என்று தெரிந்தும் நாயைத் தூக்கிக்கொண்டேன். அவர் வாசல்வரை வந்தார்.

“கால் குணமாயிருச்சுல்ல தம்பி? எம்புட்டு வேகமா ஓடுச்சு!”

அவர் முகத்தில் கேலி இல்லை. உண்மையான பெருமை இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க இயலவில்லை.