சைப்ரஸ் பால்கட்டியைத் தேடி ஓக்லாந்துக்கு

பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாத விசாவில் அமெரிக்கா வந்து, வாரம் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் டப்ளினிலிருந்து ஓக்லாந்து போய்வர ஒரு நாள் போதும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் வசந்தி கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். பேச்சாக இருப்பதை எழுத்தாக்கிப் போடு, ஆனால் எதையும் விட்டுவிடாதே என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நாங்கள் போனது இந்த 1999 ஆகஸ்டில், ஒரு சனிக்கிழமை. போன காரணம் ஒரு படகு.

எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரே ஓடு, ஒரே கராஜ் கதவு. நம்பர் எழுதியிருக்கிறது, எனக்கு அது கோடுதான். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நீலத் துணி போட்டு மூடிய படகு ஒன்று நிற்கும். அதற்கு நேர் எதிரே எங்கள் வீடு. அப்படி வைத்துக்கொண்டு மூன்று மாதம் தினமும் நடந்துவிட்டு வந்தேன். ஜூலை கடைசியில் ஒரு நாள் அந்த மனிதர் படகை ஏரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் படகைத் தேடி இரண்டு மணி நேரம் சுற்றினேன். கடைசியில் ஒரு சைனாக்காரம்மா தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். என் சட்டைப்பையில் வசந்தி எழுதி வைத்திருந்த நம்பருக்கு அவர்தான் போன் பண்ணினார்.

அன்று ராத்திரியே மகன் செல்வராஜ் என்னிடம் இருந்த வீட்டுச் சாவியை வாங்கி, ஃபிரிட்ஜ் மேலே வைத்துவிட்டான். கோபமாக இல்லை, அன்பாகத்தான் வாங்கினான். மறுநாள் போனில் யாரோ டாக்டரிடம் 'மெமரி, மெமரி' என்று நாலு தடவை சொன்னான். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். நான் எதையும் எழுதி வைத்தவனில்லை. ஞாபகம் போய்விட்டது என்று பிள்ளை முடிவு பண்ணிவிட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

அதற்கப்புறம் நான் என்ன சொன்னாலும் வீட்டில் தலையாட்டினார்கள். சைப்ரஸ் கதையைச் சொன்னாலும் அப்படித்தான்.

அந்தக் கதை இதுதான். இருபது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தேன். ரோடு போடுவது, பாலம் கட்டுவது, குழி வெட்டுவது எங்கள் கம்பெனியின் வேலை. 1942இல் எங்களைக் கப்பலில் ஏற்றிச் சைப்ரஸ் தீவில் இறக்கினார்கள். ஐந்து மாதம் இருந்தோம். ஜெர்மன்காரன் வருவான் வருவான் என்று வெட்டிக்கொண்டே இருந்தோம், அவன் வரவில்லை. எங்கள் ரேஷனில் பருப்பும் கோதுமை மாவும் டீத்தூளும் சர்க்கரையும் தாராளம். அந்த ஊர்க்காரர்களுக்கு டீயும் சர்க்கரையும் கிடைக்காது. ஆகவே ஒரு தகர டப்பா டீத்தூள் கொடுத்தால் ஒரு பால்கட்டி கிடைக்கும். அவர்கள் பாஷையில் ஹலூமி. வெள்ளாட்டுப் பாலும் செம்மறிப் பாலும் கலந்து செய்வது. வேட்டியை மடிப்பதுபோல இரண்டாக மடித்து, உள்ளே புதினா வைத்து, உப்புத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். மண்வெட்டித் தகட்டைக் கழுவி நெருப்பில் காய வைத்து அதன்மேல் துண்டு போடுவோம். சிவக்கும், உருகாது. கடித்தால் பல்லுக்கிடையில் கீச்சென்று சத்தம் வரும். கூட ஒரு கீற்றுத் தர்ப்பூசணி. எங்கள் கம்பெனியில் அறுபது பேர் அதற்கு அடிமை.

குடிப்பதற்கு ஸிவானியா. திராட்சைச் சக்கையில் காய்ச்சுவது, பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். நம் ஆட்கள் அதைச் 'சிவனய்யா' ஆக்கிவிட்டார்கள். மலைமேல் குளிர் வந்தால் பாதி முழங்காலுக்கு, பாதி தொண்டைக்கு.

என் மனைவி நாச்சம்மாள் இந்தக் கதையைக் கல்யாணமான நாளிலிருந்து, ஐம்பத்திரண்டு வருஷமாகக் கேட்கிறாள், ஒரு நாளும் நம்பியதில்லை. "நெருப்புல போட்டா உருகாத பால் எங்கீங்க இருக்குது?" என்பாள். பால்கட்டி கொடுத்த பெண்ணுக்கு என்ன வயது என்பதுதான் அவளுடைய முக்கியமான கேள்வி.

வசந்தியின் ஆபீஸில் யாரோ, ஓக்லாந்தில் ஏரிப்பக்கம் சைப்ரஸ்காரம்மா ஒருவர் மளிகைக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். கேட்டதும் கூட்டிப் போ என்று செல்வராஜைப் பிடித்துக்கொண்டேன். அவனுடைய கார் சர்வீஸில் இருந்தது. வசந்தி பிள்ளைகளை லிவர்மோர் கோவிலில் பாட்டு கிளாஸுக்கு விட வேண்டும். போகிற வழியில் எங்கள் மூவரையும் காலை 9.20க்கு டப்ளின் ஸ்டேஷனில் இறக்கிவிட்டாள்.

அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்குச் சிவப்பு டிக்கெட் உண்டு. பதினாறு டாலர் பெறுமானம், நாலு டாலருக்குக் கொடுக்கிறார்கள். முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டேஷன் மெஷினில் வராது. சனிக்கிழமை இருபது நிமிஷத்துக்கு ஒரு ரயில். டப்ளின்தான் கடைசி ஸ்டேஷன் என்பதால் உட்கார இடம் நிச்சயம். நாம் இறங்க வேண்டியது ஏரி ஸ்டேஷன், ஆறாவது. படிக்கத் தெரியாதவர்கள் ஸ்டேஷனுக்கு ஒரு விரலாக எண்ணி, ஒரு கை விரல் முடிந்து அடுத்த கையின் கட்டைவிரலில் எழுந்தால் சரி. நான் எழுந்தபோது, போர்டைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வராஜ் "இன்னும் இருக்குதுங்கப்பா, உக்காருங்க" என்றான். கதவு திறந்ததும் அவனே அவசரமாக எழுந்தான். முப்பத்தைந்து நிமிஷப் பயணம்.

ஸ்டேஷனிலிருந்து கடை பன்னிரண்டு நிமிஷ நடை. வெயில் டப்ளினைப்போல் கொல்லாது, ஏரிக்காற்று உண்டு. சின்னக் கடை. வாசலில் ஆலிவ் காய்ப் பீப்பாய்கள், உள்ளே நாலு மேஜை. கல்லாவில் இருந்தவர் பெயர் மரூலா, வயது அறுபதைத் தாண்டியிருக்கும். செல்வராஜ் இங்கிலீஷில் பேசி ஒரு தட்டு ஹலூமி சொன்னான். ரொட்டியும் தர்ப்பூசணியும் சேர்த்து நாலரை டாலர்.

தட்டு வந்தது. ஓரமெல்லாம் இளகியிருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டேன். சத்தம் இல்லை. புதினா இல்லை. கட்டுச்சோற்றில் வைத்த வெண்ணெய் மாதிரி ஒரு வழவழப்பு.

நாச்சம்மாள் தின்று பார்த்துவிட்டு வாயைத் துடைத்தாள். "இதுக்குத்தானுங்களா அம்பத்திரண்டு வருசம் உசுர வாங்குனீங்க?"

"இது அதில்லை. இது மாட்டுப்பால்" என்றேன்.

"அப்பா, பாக்கெட்லயே ஹலூமின்னு எழுதியிருக்குதுங்க" என்றான் செல்வராஜ். "அம்பத்தேழு வருசம் ஆச்சு. டேஸ்ட் எல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? விடுங்கப்பா, பரவால்ல."

அந்தப் 'பரவால்ல' எனக்குப் பிடிக்கவில்லை. சாவியை வாங்கும்போதும் அதே குரலில்தான் சொன்னான்.

"அந்தம்மாகிட்டக் கேளு. மடிப்பு எங்கே, புதினா எங்கே, வெள்ளாட்டுப் பால் எங்கேன்னு கேளு."

"அப்பா, அவங்க கடையில வந்து..."

"கேளுடா."

அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். மன்னிப்புக் கேட்பது போன்ற முகம். நானும் கையால் மடித்துக் காட்டினேன். மரூலா அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எத்தனை வருஷமாக இதைத் தின்கிறார் இவர் என்று கேட்டார். ஐந்து மாதம், நாற்பத்திரண்டில், சிப்பாயாக என்று செல்வராஜ் சொன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

அந்த அம்மா சிரித்துவிட்டு ஏதோ கேட்டார். செல்வராஜ் என் பக்கம் திரும்பினான்.

"என்னடா கேக்கறாங்க?"

"நீங்க... மண்வெட்டி மேல வெச்சு சுட்டீங்களான்னு கேக்கறாங்கப்பா."

மண்வெட்டியைப் பற்றி நான் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. அப்போது மரூலாவுக்கு ஐந்து வயது. அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எங்களைப்போல ஒரு இந்தியக் கம்பெனி கூடாரம் போட்டிருந்ததாம். நல்ல பால்கட்டியை மண் வாரும் தகட்டில் போட்டுச் சுடுகிறார்களே என்று அவருடைய அம்மா தலையில் அடித்துக்கொள்வாராம். ஆனாலும் டீத்தூள் டப்பாவை வாங்கி ஒளித்து வைப்பாராம். ஒரு சிப்பாய் மரூலாவைத் தோளில் தூக்கிச் சப்பாத்தியும் காரப் பருப்பும் கொடுத்தானாம், உறைப்பில் அழுதாராம். அது நான் இல்லை. எங்கள் கம்பெனி வேறு பக்கம், மலையடியில் இருந்தது. நான்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

மரூலா உள்ளே போய் ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து வந்தார். விற்பனைக்கு இல்லையாம். வெள்ளாட்டுப் பால் வாங்கி வீட்டுக்காகச் செய்தது. பாக்கெட் சரக்கில் பசும்பால் சேர்க்கிறார்கள், உங்கள் அப்பா சரியாகச் சொன்னார் என்றார். ஜாடிக்குள் மடித்த வேட்டி மாதிரியே கிடந்தது. நடுவில் கறுத்துப்போன புதினா. இரும்புக் கல்லில் போட்டார். சிவந்தது, அசையவில்லை.

நாச்சம்மாள்தான் முதலில் கடித்தாள். கீச்.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். மறுபடி கடித்தாள். மறுபடி கீச். கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "ஏனுங்க, எலிக்குஞ்சாட்டம் கத்துதுங்க!"

நான் ஒரு துண்டை எடுத்துக்கொண்டேன். அது எப்படி இருந்தது என்று வசந்தி இரண்டு தடவை கேட்டுவிட்டாள். அப்படியே இருந்தது. அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. என்னோடு ஒரே தகட்டில் சுட்டுத் தின்ற ராசிபுரம் மாரிமுத்து அடுத்த வருஷமே இத்தாலிச் சண்டையில் போய்விட்டான். அவனுக்கு ஓரத்துத் துண்டுதான் பிடிக்கும். தட்டில் ஓரத்துத் துண்டை நான் எடுக்கவில்லை.

கடைசியில் மரூலா மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, மூடியளவு கண்ணாடிக் குவளையில் ஊற்றினார். "சிவனய்யா" என்றேன்.

"லிவர்மோர் கோயில்ல போயி இந்தப் பேரச் சொல்லிப் போடாதீங்க" என்றாள் நாச்சம்மாள். பிறகு அவளே, "பாதி முட்டிக்கு" என்றாள். பாதியை முழங்காலில் தேய்த்தேன். மரூலா கைதட்டிச் சிரித்தார். அவர்கள் ஊரிலும் அப்படித்தானாம்.

கிளம்பும்போது நாச்சம்மாள் மகனின் கையைத் தட்டினாள். "அந்தம்மாகிட்டக் கேளு கண்ணு, அங்க பால்கட்டி விக்கற பொம்பளைங்களுக்கெல்லாம் அப்ப என்ன வயசிருக்கும்னு."

"அம்மா!"

"கேட்டா என்னடா? உங்கப்பன் ஒருக்கா நாப்பதுங்கறாரு, ஒருக்கா முப்பதுங்கறாரு."

மரூலா பாதி ஹலூமியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. கடையில் ஆலிவ் ஒரு பவுண்டு மூன்று டாலருக்கு வாங்கினோம்.

திரும்பி டப்ளினில் இறங்கியபோது மணி 2.10. வசந்தி வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். வீடு முக்கால் மைல். செல்வராஜ் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு, "நடக்கலாங்களாப்பா? நீங்க முன்னால போங்க" என்றான்.

அவன் என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. நாச்சம்மாளுக்கும் தெரிந்தது. நான் முன்னால் நடந்தேன். இந்தத் தடவை படகையோ காரையோ நான் நம்பவில்லை. ஸ்டேஷனை விட்டால் பாலத்தடி, அப்புறம் ஊஞ்சல் போட்ட பார்க், அப்புறம் மஞ்சள் பூசிய தீயணைப்புக் குழாய், அங்கிருந்து இரண்டாவது திருப்பம். ஒன்றுகூடத் தப்பவில்லை. எங்கள் தெருவுக்கு வந்தோம். அன்றும் எதிர்வீட்டில் படகு இல்லை. நேராக எங்கள் வாசலில் போய் நின்றேன்.

செல்வராஜ் கதவைத் திறந்து உள்ளே போனான். ஃபிரிட்ஜ் மேலே கைவிட்டுத் துழாவினான். சாவியைக் கொண்டுவந்து என் சட்டைப்பையில் போட்டான். டாக்டருக்குத் திங்கட்கிழமை போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

இந்தப் பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். காலை பத்து மணி ரயிலுக்குள் கிளம்பிவிடுங்கள், மத்தியானம் கடையில் உட்கார இடம் கிடைக்காது. பாக்கெட் ஹலூமி வாங்கினால் ஆட்டுப்பாலா என்று கேட்டு வாங்குங்கள். உப்பு அதிகம் என்பதால் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டுவிட்டுச் சுடுங்கள். பிரஷர் உள்ளவர்கள் இரண்டு துண்டோடு நிறுத்துங்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் மகன் வீட்டுக்கு அடையாளம் வைக்கும்போது நகரக்கூடிய எதையும் வைக்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மஞ்சள் குழாயிலிருந்து இரண்டாவது திருப்பம் என்றேன் அல்லவா? அந்தத் திருப்பத்தில் நின்றபோது எனக்கு இடமா வலமா என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. பின்னால் மகன் நிற்கிறான். அப்போது நாச்சம்மாள், "செருப்பு வாரு கழண்டுகிச்சுங்க" என்று என்னைத் தாண்டிப்போய், இடது பக்கத் தெருவில் நாலு அடி தள்ளிக் குனிந்தாள். அந்தச் செருப்புக்கு வாரே கிடையாது. வீட்டில் போடுகிற ரப்பர் செருப்பு. நான் இடது பக்கம் திரும்பினேன்.

இதைச் சொன்னதும் வசந்தி அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமா, இதையும் போடறதுங்களா? அவரு படிப்பாரே" என்றாள்.

சமையலறையில் நாச்சம்மாள் மிச்சம் இருந்த கடைசித் துண்டைத் தோசைக்கல்லில் போடுகிற சத்தம் கேட்டது. போடு என்றேன்.