தள்ளிப்போன இடது கண்

மருத்துவமனை வராந்தாவில் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் பெருக்கல் குறி ஒட்டியிருந்தார்கள். அப்பா குறியின் மேலேயே போய் உட்கார்ந்தார். அது அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டு கண்ணிலும் கண்புரை (கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது). அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்தார்கள். அதற்குள் கொரோனா இரண்டாம் அலை வந்தது. 'எலெக்டிவ்' (அவசரமில்லை என்று தள்ளிவைக்கக்கூடிய சிகிச்சை) எல்லாமே நின்றுபோயின.

அப்பாவுக்கு ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் ஷேடு பார்க்கும் வேலை. சாயம் ஏறிய தோலை மாதிரித் துண்டோடு ஒப்பிட்டு நிறம் சரியா என்று சொல்ல வேண்டும். நான் ஷூ கம்பெனியில் தரப் பரிசோதகர். எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்கு நிம்மதி. வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வளையம் என்று தினமும் கேட்பேன். "ஒண்ணும் இல்லம்மா" என்பார்.

காத்திருப்போரில் யாருக்கு அவசரம் என்று பிரிக்க மருத்துவமனையிலிருந்து போனில் அழைத்தார்கள். ஸ்பீக்கரில் அப்பாவே பேசினார்.

"வேலைக்குப் போறீங்களா ஐயா?"

"போறேம்மா. ஷேடு பாக்குறேன்."

"அப்போ கொஞ்சம் வெயிட் பண்ணலாம். நாங்களே கூப்புடுறோம்."

எனக்கும் அது நல்ல செய்தியாகவே பட்டது.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மதியம் அப்பா வாந்தி எடுத்தார். பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மாலைக்குள் இடது கண் சிவந்து, தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்.

"புரை முத்தி லென்ஸ் வீங்கியிருக்கு. கண்ல அழுத்தம் ஏறிடுச்சு," என்றார் டாக்டர். "ஆபரேஷன் பண்றோம். நரம்பு எவ்ளோ மிச்சம்னு அப்புறம்தான் சொல்ல முடியும்."

இடது கண்ணில் மிச்சம் இருந்தது வெளிச்சம் தெரிவது மட்டும்.

அப்பாவோடு ஒரே மேஜையில் வேலை செய்யும் பாஷா பாய் பார்க்க வந்தார். என்னிடம் சொன்னார்: "தப்பா நெனைக்காதம்மா. ரொம்ப நாளா உங்கப்பாவுக்கு ஷேடு நான்தான் சொல்றேன். டார்க்னா ஒரு இருமல், லைட்னா ரெண்டு. கொரோனா வந்ததும் இருமினா சூப்பர்வைசர் வெளிய தொரத்துறாரு. அப்புறம் மேஜையத் தட்டினேன்."

கட்டுக்குள்ளிருந்து அப்பா சொன்னார்: "அதுல பாதி தப்பு, பாய்."

"பின்ன இன்னா இத்தினி நாள் கேட்டுக்கினு இருந்த?"

அப்பா அன்றுதான் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தை இருவரும் சேர்ந்து சுமந்திருக்கிறார்கள்.

உங்களுக்கும் இப்படி ஓர் அழைப்பு வரலாம். வேலைக்குப் போகிறார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். யாருடைய கண்ணால் செய்கிறார் என்று விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள்.

வலது கண்ணுக்கு நேரத்தோடு அறுவை நடந்தது. கட்டு பிரித்ததும் என் கம்பெனி மேல்கோட்டைப் பார்த்து, "இது இவ்ளோ வெள்ளையா?" என்றார். வீட்டில் நாங்கள் அவருக்கு வலப்பக்கமாக உட்காரப் பழகிவிட்டோம். 'அப்புறம் பார்க்கலாம்' என்ற பேச்சு மட்டும் யார் வாயிலும் வருவதில்லை.

அப்பா ஷேடு மேஜைக்குத் திரும்பிவிட்டார். இப்போது நிறத்தை அவரே சொல்கிறார். பாய் இன்னமும் வேலைக்கு வந்ததும் மேஜையை ஒருமுறை தட்டுகிறார். இடப்பக்கம் ஆள் வந்திருப்பது அப்பாவுக்கு அதில்தான் தெரிகிறது.