பொட்டலத்தில் ஏறிய மாரியம்மன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என்னைப்போல் ஒரு முட்டாளை ஈப்போ வட்டாரம் முழுக்கச் சலித்தாலும் கிடைக்காது. உங்களுக்குச் சிரமம் வேண்டாம், நானே தேடிப் பார்த்துவிட்டேன்.

போன வாரம் சிம்பாங் பூலாயில் என் மோட்டார் சைக்கிள் பஞ்சராகிவிட்டது. கடைக்காரர் டியூபில் பசை தடவினார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய கதை ஞாபகம் வந்தது. ஸ்டெல்லா அக்காவின் மேசையிலும் இதே வாடைதான் அடிக்கும்.

அக்கா ஈப்போவில் ஓர் அச்சகத்து மாடியில் லேபிள், பொட்டலம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் வடிவமைத்துக் கொடுப்பவர். எண்பதுகளில் கணினி ஏது? எழுத்தையும் படத்தையும் தனித்தனியாக வெட்டி, ரப்பர் பசையால் அட்டைமேல் ஒட்டுவார். நான் அப்போது ரப்பர் தோட்டத்தில் கிராணி. பால் எடையைப் புத்தகத்தில் எழுதுகிற பெரிய மனிதன். தோட்டம் கைமாறிவிட்டது. வருஷக் கடைசிக்குள் தோட்டத்து வீட்டைக் காலி செய்யவேண்டும். மூன்று பிள்ளைகள். மனைவி பார்வதி அரைக்கும் கறி மசாலா ஒன்றுதான் எங்களுக்கு மிச்சமிருந்த பிழைப்பு.

முதல் நாள் அக்கா ஒரே கேள்வி கேட்டார். “இத யாரு வாங்குவாங்க, எப்படிப் பிரிப்பாங்க?”

பதில் சொல்லியிருக்கலாம். உத்தரவு போட்டே பழகிய வாய் எனக்கு. எழுத்தைப் பெரிதாக்குங்கள் என்றேன். அடுத்த வாரம் சிவப்பு போதாது என்றேன். பிறகு ரப்பர் மரம் கேட்டேன், பிறகு என் முகத்தைக் கேட்டேன். மீசை மட்டும் போதுமா என்று கேட்டார் அக்கா. அவர் முதலில் வரைந்தது ஒரு சட்டியும் மூன்று மிளகாயும். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விற்காமல் போய்விடுமோ என்ற பயம் யாரை விட்டது? தோட்டத்துக் கோயில் மாரியம்மனைப் பொட்டலம் முழுக்கப் போடச் சொன்னேன்.

“கறி மசாலாவுலயா? வேணாம்லா, தம்பி. ஆத்தா தலைய யாரு கிழிப்பா?”

“நீங்க மாதா கோயிலுக்குப் போறவங்க. எங்க சாமியப் பத்தி ஒங்களுக்கு என்னக்கா தெரியும்?” என்றேன். இதே வாயால்தான் இன்றும் சோறு தின்கிறேன்.

அக்கா பென்சிலை எடுத்து வரைந்தார். அம்மன் வந்த அழகைப் பார்த்து, மேசையருகிலேயே கும்பிட்டேன்.

பொட்டலங்கள் கடைகளுக்குப் போன மூன்றாம் வாரம் புந்தோங் மளிகைக்கடைக்காரர் மூட்டையைத் திருப்பி என் வண்டியில் ஏற்றினார். “பொம்பளைங்க எடுக்குறாங்க, மச்சான். கண்ணுல ஒத்திக்கிறாங்க. வெச்சிட்டுப் போயிடுறாங்க.” வாங்கிப்போன ஒருத்தியும் கோழி வெட்டிய கையால் ஆத்தாளைத் தொட மனசில்லாமல், சாமி மேடையில் வைத்துச் சூடம் காட்டுகிறாளாம்.

எல்லாக் கடையிலிருந்தும் மூட்டைகள் வீடு திரும்பின. பிள்ளைகள் அவற்றின்மேல் உட்காரவும் முடியாது; உள்ளே ஆத்தா. பார்வதி என்னைத் திட்டவில்லை. அரைப்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

அச்சகத்துப் படிகளில் ஓடினேன். அந்தச் சட்டிப் படத்தையே அச்சடித்து ஒவ்வொரு பொட்டலத்திலும் அம்மன்மேல் ஒட்டிவிடலாம், இல்லாவிட்டால் நாங்கள் தெருவில்தான் என்று அக்காவிடம் கெஞ்சினேன்.

இப்போது அந்த அச்சகம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். எங்கள் வீடு இருந்த இடத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனை நிற்கிறது. கோயிலைச் சாலையோரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். நான் பஸ் கண்டக்டராகிப் பிள்ளைகளை வளர்த்தேன். அந்தக் கண்டக்டர் வேலையும் இன்று கிடையாது. பார்வதி போய் ஆறு வருஷம். அந்த மூட்டைகள் திரும்பியபின், சாகும்வரை அவள் கடைக்கென்று ஒரு பிடி மசாலாகூட அரைக்கவில்லை.

அன்று அக்கா இழுப்பறையிலிருந்து சட்டிப் படத்தை எடுத்தார். பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். படத்தையும், பசைப் புட்டியையும், நான் கொண்டுபோன ஒரு பொட்டலத்தையும் என்முன் நகர்த்தி வைத்தார். ஆத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கை எழவில்லை.

“நீங்களே ஒட்டிடுங்கக்கா” என்றேன்.

“ஒங்க சாமி, தம்பி. நீங்க ஒட்டுங்க.”