பூ வாசனை போட்ட மூங்கில் துணி

மகள் பிறந்த ஆறாவது மாதம் நான் மறுபடி பள்ளிக்குப் போனேன். அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ், திருப்போரூரில் வேலை, ஏழாம் வகுப்புக்குக் கணக்கு. பஸ்ஸில் யார் வீட்டுக் குழந்தை அழுதாலும் எனக்குப் பால் சுரந்துவிடும். இறங்கும்போது ஜாக்கெட்டில் இரண்டு ஈர வட்டங்கள் இருக்கும். வட்டத்தின் பரப்பளவு நடத்தப் போகிறவளுக்கு இது தேவையா?

பாலை உறிஞ்ச ஜாக்கெட்டுக்குள் வைக்கவென்று மருந்துக் கடையில் வாங்கிய, போட்டு எறியும் பேடுகள் நடந்தால் சரசரத்தன, மதியத்துக்குள் அரித்தன. சிங்கப்பூரிலிருந்த அக்காவிடம் போனில் புலம்பினேன்.

"துவைச்சுப் போடுற மாதிரி இருக்குடி, மூங்கில் துணியில. உள்பக்கம் மெத்துனு இருக்கும், வெளிப்பக்கம் ஈரம் தாண்டாது. வெளிய போக மெலிசு, வீட்டுக்குத் தடிமன். எது வேணும்?"

"மெலிசு எட்டு, தடிமன் நாலு" என்றேன்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கணவர், "மூங்கிலா? குத்தாதா?" என்றார்.

அக்கா அனுப்பிய பார்சல் வந்தது. குத்தவில்லை. முதல் இரண்டு வாரம் சுகமாகப் போனது. இடைவேளையில் பாத்ரூமுக்குப் போய் மாற்றிக்கொள்வேன். நனைந்ததைக் கவரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன். துவைப்பது கணவரின் பொறுப்பு. அதை அவர் ஆராய்ச்சி வேலை மாதிரி செய்தார். வலைப்பையில் போட்டுத் தனியாக அலசி, கிளிப் மாட்டி வரிசையாகக் காயவைப்பார். மேல் வீட்டுக்காரர், "டம்ளர் வைக்கிற மேட்டா சார்?" என்று கேட்டபோது "ஆமா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

மூன்றாவது வாரம் வட்டங்கள் திரும்பி வந்தன. பேடு பேருக்குத்தான் உள்ளே இருந்தது. பால் அதன் ஓரமாக வழிந்து வெளியே வந்தது. கரும்பலகைப் பக்கமே திரும்பி நின்று ஒரு பீரியட் முழுக்கப் பாடம் நடத்தினேன். அன்று பிள்ளைகள் என் முதுகைப் பார்த்தே வகுத்தல் கற்றார்கள்.

அந்தச் சனிக்கிழமை, கோவளத்திலிருந்து நைட்டியும் துண்டும் விற்க ஸ்கூட்டியில் வரும் பாய் வீட்டு அம்மா வந்தார். ஒரு பேடைக் காட்டி, "இதே மாதிரி தைச்சுத் தர முடியுமாம்மா? இது கெட்டுப்போச்சு" என்றேன்.

அவர் புரட்டிப் பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு, விரலால் தொட்டுச் சொட்டவிட்டார். சொட்டு உருண்டு தரையில் விழுந்தது.

"இன்னாம்மா இது, சேம்பு எலையாட்டம் தண்ணி ஓடுது?" முகர்ந்தார். "வாசன வேற தூக்குது. இன்னாத்த போட்டு தொவைக்கிற?"

கணவர் பெருமையோடு ஒரு நீல பாட்டிலை, பூ வாசனை போட்ட கண்டிஷனரை, எடுத்து வந்தார். "கடைசி அலசல்ல ஒரு மூடி ஊத்துவேன். துணி மெத்துனு ஆகும்."

"சார், இத்த ஊத்திகினு, துண்டு தண்ணியே இழுக்கல, மட்டமான துணின்னு என்னாண்ட எத்தினி பேரு சண்டைக்கு வர்றாங்க தெரியுமா? எண்ண தடவுனாப்புல மேல படிஞ்சிக்கும். அப்பால எங்க இழுக்கிறது?"

"குழந்தைக்கு நல்ல வாசனையா இருக்கட்டும்னுதான்..."

"கொயந்தைக்குப் பால் வாசன போதும் சார்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கணவர் பாட்டிலைத் தன் சட்டைகளுக்கென்று ஒதுக்கிவைத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில், கொஞ்சம் சோப்புத்தூள் மட்டும் போட்டு, நாலு முறை அலசிக் காயவைத்தார். ஒவ்வொரு முறையும் சொட்டு விட்டுப் பார்த்தார். நாலாவது முறை துணி சொட்டை உடனே குடித்துவிட்டது. "குடிச்சிருச்சு!" என்று அவர் கத்தியதில் தூங்கிய மகள் எழுந்து அழ, எனக்குச் சுரக்க, அதையே அவசரமாக உள்ளே வைத்துக்கொள்ள, துணிக்கு உண்மையான பரீட்சையும் அப்போதே நடந்தது. ஜாக்கெட் நனையவில்லை.

கேட்டதற்காக அந்த அம்மா ஆறு பேடு தைத்தும் கொண்டுவந்தார். உள்ளே துண்டு, வெளியே நைட்டித் துணி, சிவப்பில் பெரிய மஞ்சள் பூ. வெள்ளை ஜாக்கெட்டின் ஊடாகப் பூ பளிச்சென்று தெரிந்ததால் அவற்றைப் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போக வழியில்லை. ஞாயிறுகளில் வீட்டில் போட்டுக்கொண்டேன். ஒன்றும் குறை சொல்வதற்கில்லை, நன்றாகவே இழுத்தன.