தைல வாசனை

கொடைக்கானலில் கம்ப்யூட்டரில் வீட்டு பிளான் வரைந்து தரும் சிறிய அலுவலகம் என்னுடையது. மேஜையில் இடம் மிச்சமாகுமே என்று, வலப்பக்கம் எண் பட்டன்கள் இல்லாத குட்டி கீபோர்டை வாங்கினேன். பிளான் வரையும் ஷாஹினாவைக் கேட்கவில்லை. அதன்பின் அவள் வேலை மந்தமானது. "வெரசா முடிம்மா" என்று தினமும் விரட்டினேன். அவளிடம் எந்நேரமும் தைல வாசனை. குளிருக்குத் தடவுகிறாள் என்று நினைத்தேன்.

அவள் விடுப்பில் இருந்த அன்று நானே வரைய உட்கார்ந்தேன். ஒவ்வொரு அளவுக்கும் மேல்வரிசையில் எண்களை எட்டி எட்டி அடித்ததில், ஒரு மாடிப்படி முடிவதற்குள் மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. தைலம் எதற்கென்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள், "ஏம்மா சொல்லல?" என்றேன்.

"ஆசையா வாங்கியாந்தீங்க. எப்பிடிக்கா சொல்றது?"

இப்போது கீபோர்டு வாங்க அவளைத்தான் கடைக்கு அனுப்புகிறேன். தைல வாசனை வந்தால், "எங்கே வலிக்குது?" என்று முதலில் கேட்கிறேன்.